பூக்கட்டும், பேர் சொல்கிறேன்

செடி விற்பது ஒன்றும் கஷ்டமில்லை. நாம் விற்காத செடிக்கெல்லாம் பேர் சொல்லியாக வேண்டும் என்பதுதான் கஷ்டம். சிங்கப்பூரில், கிராஞ்சியில் ஒரு நர்சரியில் வேலை பார்க்கிறேன். பஸ் இறங்கி, வெயிலில் நடந்து வந்து, கைப்பையை வைப்பதற்குள் ‘இது என்ன செடி?’ என்று வாட்ஸ்அப்பில் படங்கள் குவிந்திருக்கும். பாதிப் படத்தில் செடியைவிட விரல்தான் பெரிது. கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைப்பவர்களே, உங்களுக்குப் புரியும்.

சாம்பார் வேலி

பூன் லே அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்த ஓர் அக்கா பையிலிருந்து ஒரு கிளையை எடுத்து நீட்டினார். “எங்க புளோக் கீழ நெறைய இருக்கு. கறிவேப்பிலைதானே? சாம்பார்ல போட்டா வாசனையே வரல.” கசக்கி முகர்ந்தேன். கெமுனிங். வேலிக்கு வைப்பது, பார்வைக்கு மட்டும் கறிவேப்பிலையின் தங்கை. பொது இடத்தில் பறிக்கக் கூடாது என்று சொல்வதா, சமையலுக்கு ஆகாது என்று சொல்வதா? இரண்டையும் சொன்னேன். அக்காவின் கோபம் என் மேல் திரும்பவில்லை. “எங்க வீட்டுக்காரர் தினமும் சாம்பார் பிரமாதம்னு சொல்றாரே, அப்ப அந்த மனுஷன் இத்தனை நாளா பொய்யா சொன்னாரு?”

வீங்கிய உதடு

மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வீடியோ கால். யாரோ ஓர் இளம் அம்மா. பின்னால் குழந்தையின் அலறல். ஹாலில் இருந்த தொட்டிச் செடியின் இலையைக் கடித்துவிட்டானாம். உதடு வீங்கி எச்சில் வழிகிறது. “என்ன செடின்னு மட்டும் சொல்லுங்கக்கா, பிளீஸ்!”

“போனை ஆட்டாம பிடிம்மா.” அகல இலையில் வெள்ளைப் புள்ளிகள். டம் கேன் என்கிற நச்சுச் செடி. சாறு பட்டால் வாய் வெந்ததுபோல் எரியும். “வாயத் தொடச்சிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. கடிச்ச இலையையும் எடுத்துக்கோ. பேர அனுப்பறேன், டாக்டர்கிட்ட காட்டு.”

அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றிய வரிசைக்கே மறுபடியும் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் செய்தி வந்தது. அந்தச் செடி எங்கள் கடையில் வாங்கியதுகூட இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். “வீக்கம் வத்திடுச்சுக்கா, ஐஸ்கிரீம் கேக்கறான். அந்தச் செடிய உங்க கடையில மாத்திக் குடுப்பீங்களா?”

தங்கராசா ஐயாவின் தொட்டி

ஐயா ரிட்டயரான கிளார்க். மனைவி இறந்த பிறகு அந்த அம்மாவின் தொட்டிகளுக்கு இவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். “அவ ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லுவா. நான் பேப்பர் படிச்சிட்டே ‘ம்’ போடுவேன். இதுக்கு என்ன சொன்னான்னு ஞாபகமே வரல.” இலையை மட்டும் பார்த்து எனக்கும் பிடிபடவில்லை. பூக்கட்டும் ஐயா, பார்க்கலாம் என்று அனுப்பினேன்.

பூத்ததும் கொண்டுவந்தார். வெளிர் ஊதாப் பூ. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தானாக முளைக்கிற களை அது. நாங்கள் அன்றாடம் பிடுங்கி எறிவது. நல்லதாக ஒரு பேரை இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அதற்கும் தெம்பில்லை. உள்ளதைச் சொன்னேன். ஐயா தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். “அப்ப இதுக்கு அவ பேரே சொல்லியிருக்க மாட்டா! காதுல வாங்காம விட்டுட்டேனேன்னு இத்தனை நாளா தூங்காம கெடந்தேனே லா!”

பேர் தெரியாததால் எந்தச் செடியும் வாடி நான் பார்த்ததில்லை. பேர் சொல்கிற நான்தான் தினமும் சாயங்காலத்துக்குள் வாடிப் போகிறேன்.