பஸ் டிரைவரின் சாம்பிள்

ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் கையெழுத்தக்கா. ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்து விழுந்துவிட்டால் அப்பீலே கிடையாது என்று கிண்டல். முப்பது வருஷம், சாம்பிளில் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. மிஷினோடு குடித்தனம் நடத்தியவள். கட்டிய புருஷன் அந்தப் பொறாமையிலேயே பாதி நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

ஒன்பது வருஷத்துக்கு முன், ஒரு பஸ் டிரைவரின் சிறுநீரில் போதை மருந்து இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாள். அவர் வேலை போயிற்று. மனுஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார்.

"மேடம், சளிக்கு மூக்குல உறிஞ்சுற மருந்துதான். வேற எதையும் தொடலை."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

பாவி, அதோடு விட்டுவிட்டாள். சாம்பிளில் தெரிந்த பொருளுக்கு இரண்டு வடிவம் உண்டு, இடக்கையும் வலக்கையும் போல. ஒன்று சளி மருந்து, மற்றது போதை. மிஷினுக்குள் இருந்த பழைய குழாய்ச் சுருளுக்கு இரண்டும் ஒன்றுதான். வரைபடத்தில் ஒரே முகடாக வரைந்து காட்டும். இரண்டையும் பிரிக்கிற சுருள் பெரிய ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அனுப்பினால் மூன்று வாரம் ஆகுமே என்று இவள் அனுப்பவில்லை. அன்றிலிருந்து மத்தியான வேளைகளில் நாற்காலிக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவார்கள். திரும்பினால் ஆள் இருக்காது. ஒரு பாவமும் அறியாதவரைக் கெடுத்துவிட்டோமா என்பது தெரியாமலே ரிடையர் ஆகிவிடுவோமோ என்று பயந்துகொண்டிருந்தாள்.

போன மாதம் அந்தச் சுருள் இங்கேயே வந்து சேர்ந்தது. உறைபெட்டியில் கிடந்த டிரைவரின் சாம்பிளைத்தான் முதலில் ஏற்றினாள். சளி மருந்துக்கு உரிய இடத்தில் முகடு எழுந்தது. போதைக்கு உரிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"முடிஞ்சுபோன ஃபைலை எதுக்குக்கா கிளறுறீங்க?" என்றார் மேலதிகாரி.

அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. திருத்திய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டிரைவரின் வீட்டைத் தேடிப் போனாள். அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். டிரைவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நின்ற இடத்திலேயே அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் காகிதத்தைத் தொடவில்லை.

"நாங்க யாருமே அவரை நம்பலைங்க. தினமும் சண்டை. கடைசியில ஒருநாள், ஆமா, எடுத்தேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. அழுது மன்னிப்புக் கேட்டாரு. அப்புறம்தான் வீட்ல சோறு தண்ணி இறங்குச்சு. நானும் மன்னிச்சேன்."

கதவைப் பிடித்தபடி அக்காவின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"செய்யாததுக்கா மன்னிச்சேன்?" என்று அக்காவைக் கேட்டாள்.