தானாக வந்து சொன்னவர்கள்

நூலகத்தில் செய்தித்தாள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மாணவனின் அருகே எங்கள் பிரின்சிபால் மேடம் குனிந்து நின்ற காட்சி எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அவர் எங்கள் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் அது. நூலகத்தைப் பார்வையிட வந்திருந்தார். நூலகர் நான்தான் என்பதால் பதறிப்போய் அவனை எழுப்பப் போனேன். கையை நீட்டித் தடுத்தார். கொஞ்ச நேரம் அவன் மூச்சு விடுவதையே கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு வராந்தாவுக்கு வந்து, "இந்த மாதிரி நிறையப் பேர் வந்து தூங்குறாங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஆமாம், காலையிலேயே வந்து படுத்தால் சாப்பாட்டு நேரம் வரை எழுவதில்லை, ராத்திரியெல்லாம் போன் பார்க்கிற பிள்ளைகள், என்றேன். "போன் பாத்துட்டுத் தூங்குறவன் கூப்பிட்டா முழிப்பான். இது வேற தூக்கம்மா," என்றார் மேடம்.

கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் கல்லூரி. மாடியில் நின்றால் இரும்பாலைகளின் புகை தெரியும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பாக்கள் அந்தப் புகைக்கு அடியில் ஒப்பந்தக் கூலியாக நிற்பவர்கள். அவர்களுடைய அப்பாக்கள் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். வீட்டில் முதல் முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் கஞ்சாப் பொட்டலம் கைக்கு வருவது சுலபம். அது போதாதென்று வலி மாத்திரை, இருமல் மருந்து, சர்வீஸ் ரோட்டில் ஒயின் ஷாப். எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர்கள் ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டே பேசுவோம். ஆனால் நிர்வாகத்தின் கணக்கில் எங்கள் வளாகத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. மாட்டிக்கொண்ட ஒன்றிரண்டு பேரைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டு 'ஒழுங்கீனம்' என்று எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

மேடம் அதை மாற்றப் பார்த்தார். ஒரு நாள் காலைக் கூட்டத்தில், வழக்கமான அறிவிப்புகளெல்லாம் முடிந்தபின், மைக்கை விட்டு இறங்கி மாணவர்கள் நடுவில் போய் நின்றார். "உங்கள்ல யாருக்காவது போதைப் பழக்கத்தை விட முடியலைன்னா என் ரூமுக்கு வாங்க. என்ன எடுத்துக்குறேன்னு மட்டும் சொல்லுங்க. பேர் எழுத மாட்டேன், வீட்டுக்குச் சொல்ல மாட்டேன், டி.சி. கொடுக்க மாட்டேன். டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. மேடம் அதைக் கண்டுகொள்ளவில்லை. பேராசிரியர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இப்படிப் பேசினால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்றார்கள். எனக்கு என்னவோ, அந்த வார்த்தையைக் கேட்டு ஒருவனாவது வருவானா என்ற ஆவல்தான் இருந்தது.

வந்தான். செய்தித்தாள் மேசையில் தூங்கியவனேதான். ஆரம்பாக்கத்துப் பையன், எலெக்ட்ரிக்கல் மூன்றாம் வருடம். நேராக மேடத்திடம் போகத் துணிச்சல் இல்லாமல் முதலில் என்னிடம் வந்தான். "மேடம், பிரின்சிபால் சொன்னது மெய்யா? அப்பறமா ஊட்டுக்கு போன் கீன் போட மாட்டாங்களே?" என்றான். உள்ளங்கையைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டே இருந்தான். நான் அவனை அழைத்துப் போனேன். மேடம் அவனை எதிரில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது அவன் முகம் அழுது வீங்கியிருந்தது. "இன்னிக்கு நல்லாத் தூக்கம் வரும் மேடம்," என்றான் என்னிடம்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கல்லூரி வேன் திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்குப் போக ஆரம்பித்தது. கவரப்பேட்டையில் திரும்பி, பெரியபாளையம் வழியாகப் போவோம். மேடம் முன்னால் உட்காருவார், நான் பின்னால் பிள்ளைகளோடு. முதலில் இரண்டு மூன்று பேர், பிறகு வேன் நிறைந்தது. போகும்போது ஒருவனும் ஒருவன் முகத்தைப் பார்க்க மாட்டான். திரும்பும்போது பெரியபாளையத்தில் நிறுத்தி மேடம் எல்லோருக்கும் நாஷ்டா வாங்கித் தருவார். பூரியைப் பிய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதியில் நின்றவர்கள் உண்டு, மருத்துவமனைக்கு வந்துவிட்டு அன்று மாலையே பொட்டலம் வாங்க வளாகத்துப் பின்சுவருக்குப் பின்னால் போனவர்களும் உண்டு. ஆனால் ஆரம்பாக்கத்துப் பையன் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. நூலகத்துக்கு வந்தால் தூங்காமல் படித்தான். வேலைவாய்ப்புத் தேர்வுப் புத்தகங்களை இரவல் வாங்கிப் போனான். "எங்கப்பா ஷிப்ட் முடிச்சி வந்து, நான் படிச்சிக்கினு இருக்கறதப் பாத்துக்கினே சாப்டறாரு மேடம். முன்னல்லாம் என் மூஞ்சியே பாக்க மாட்டாரு," என்று ஒரு நாள் சொன்னான்.

மேடம் செய்தது தப்பு என்றால் உண்மையைச் சொன்னதுதான் தப்பு. அடுத்த ஆண்டு சேர்க்கைக்காக நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, இந்தக் காலேஜில் கஞ்சா பழக்கமெல்லாம் கிடையாதே என்று கேட்டார். மேடம், "இருக்கும்மா. எல்லா காலேஜ்லயும் இருக்கு. இல்லவே இல்லைன்னு சொல்ற இடத்துல பிள்ளையச் சேர்க்காதீங்க. நாங்க வைத்தியம் பாக்குறோம்," என்றார். யாரோ அதைப் போனில் பிடித்திருந்தார்கள். 'இருக்கு' என்ற இடத்தோடு வெட்டிய அந்தத் துண்டு, பொழுது சாய்வதற்குள் பொன்னேரி முதல் ஊத்துக்கோட்டை வரை எல்லா வாட்ஸப் குழுக்களிலும் ஓடிற்று. வைத்தியம் பார்க்கிறோம் என்றது யார் காதிலும் விழவில்லை. விண்ணப்பம் வாங்கிப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

கல்லூரியை நடத்தும் நிறுவனத்தின் செயலாளர் சென்னையிலிருந்து வந்தார். மருத்துவமனைக்குப் போகிறவர்கள் யார் யார் என்று கேட்டார். "பேர் எழுத மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார். எங்கிட்ட பேர் இல்ல," என்றார் மேடம். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அவர்களுக்கு எங்கள் இருவரிடமும் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வேன் நிற்கும் போர்ட்டிகோவுக்கு நேர் மேலே கேமரா இருந்தது. அதன் பதிவை ஓட்டிப் பார்த்து, வேனில் ஏறிய முகங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள். சுவருக்குப் பின்னால் நின்று விற்றவர்களும், வேனில் ஏறாமல் வாங்கியவர்களும் எந்தக் கேமராவிலும் இல்லை. அவர்கள் பத்திரமாக இருந்தார்கள். தானாக வந்து சொன்னவர்களின் பெற்றோர்களுக்கு மட்டும், டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லிப் போன் போயிற்று.

ஆரம்பாக்கத்துப் பையனின் அப்பா ஆலையிலிருந்து நேராக வந்திருந்தார். கரி படிந்த சட்டை, கனமான பூட்ஸ். டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு பிரின்சிபால் அறை வாசலில் நின்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "இன்னாம்மா இது? நீங்க கூப்ட்டீங்கன்னுதானே வந்தான்? அவனா வந்து சொன்னான். சொல்லாத பசங்கல்லாம் கிளாஸ்ல குந்திக்கினு கீறானுங்க. இவன வெளிய போன்னு சொல்றீங்க. இன்னா நாயம்மா?" என்றார். மேடம் நாற்காலியை விட்டு எழுந்து கைகூப்பி நின்றார். பையன் அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று மேடம் பின்னாலேயே வாசல் வரை ஓடினார். காரணம் எழுதிய டி.சி.யை வைத்துக்கொண்டு யார் இடம் கொடுப்பார்கள்? அந்த வாரமே மேடத்திடம் ராஜினாமாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். போகும்போது நூலகத்துக்கு வந்து செய்தித்தாள் மேசை அருகே உட்கார்ந்தார். "நான் வாயத் திறக்காம இருந்திருந்தா அந்தப் பசங்க எப்படியாவது டிகிரியாவது வாங்கியிருப்பாங்க இல்ல?" என்று கேட்டார். மேசைமேல் கிடந்த செய்தித்தாள்களை மடித்து அடுக்க ஆரம்பித்தேன்.

பையன் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் வேலைக்குப் போனான். திருவள்ளூருக்குப் போவதை நிறுத்திவிட்டான். மேடம் தன் சொந்த ஊரிலிருந்து போன் செய்தால் எடுக்கவில்லை. அந்த மழைக்காலத்தில், ஊருக்கு வெளியே சவுக்குத் தோப்பில் இறந்து கிடந்தான் என்று செய்தி வந்தது. கையில் ஊசி குத்திய தடம் இருந்ததாம். நான் சொல்லித்தான் மேடத்துக்குத் தெரியும். பஸ் பிடித்து வந்துவிட்டார். இரண்டு பேரும் மாலை வாங்கிக்கொண்டு போனோம். தெருமுனையிலேயே அவன் அப்பா எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். "வேணாம்மா. அவங்கம்மா உங்களப் பாத்தா தாங்க மாட்டா. கோச்சிக்காதீங்க, போயிடுங்க," என்றார். மேடம் மாலையை அவர் கையில் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். பறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆந்திராவிலிருந்து வரும் லாரிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. அதன்பிறகு முதலில் எல்லாம் மேடம் மாதம் ஒருமுறை போனில் பேசுவார். அந்தப் பசங்க எப்படி இருக்காங்க என்று கேட்பார். இப்போது அதைக் கேட்பதில்லை. பேசுவதும் குறைந்துவிட்டது.

இன்று எங்கள் கல்லூரி வாசலில் 'போதையில்லா வளாகம்' என்று பெரிய பலகை இருக்கிறது. ஆண்டுதோறும் உறுதிமொழி எடுக்கிறோம், பேரணி போகிறோம், புதிய பிரின்சிபால் சார் மிட்டாய் கொடுக்கிறார். பின்சுவரை உயர்த்தி முள்கம்பி போட்டுவிட்டார்கள். அதனால் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போய், சாலைக்கு அந்தப் பக்கம் வேலிகாத்தான் புதருக்குள் உட்காருகிறார்கள். அது வளாகம் இல்லை. சேர்க்கை நிரம்பி வழிகிறது.

போன வாரம் முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் என் மேசைக்கு வந்தான். புத்தகம் எதுவும் எடுக்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாத வரை அலமாரிகளைப் பார்ப்பது போல நின்றான். பிறகு கிட்டே வந்து, "மேடம், ஒரு விசயம். மாத்திரை பழக்கம், உட முடியல. பிரின்சிபால் சாராண்ட சொன்னா எதுனா ஹெல்ப் பண்ணுவாரா?" என்றான்.

நான் மேலே கேமராவைப் பார்த்தேன். ஒரு புத்தகத்தை எடுத்து அவன் முன் விரித்து, அதில் ஏதோ காட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

"இங்க யார்கிட்டயும் சொல்லாத கண்ணு. எங்கிட்ட சொன்னதாகவும் சொல்லாத. சனிக்கிழமை திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குத் தனியாப் போ. வேன், காலேஜ் பஸ் எதுலயும் ஏறாத. ஐடி கார்டைக் கழட்டி பைக்குள்ள வச்சுக்கோ."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஆஸ்பத்திரிக்குப் போனானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவன் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.