மூக்கண்ணன் பார்த்துச் சொன்ன வீடுகள்

கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை ஏஜென்சி நோட்டில்தான் தேட வேண்டும். தெருக்களில் அவர் மூக்கண்ணன். சிலிண்டரை மாட்டிவிட்டுக் குனிந்து ஒரு முறை முகர்ந்து, "பத்த வைங்க" என்று அவர் சொன்னால் யாரும் யோசிக்காமல் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும் என்பது ஏஜென்சி சட்டம். அண்ணன் கேட்டால்தானே? "அதெல்லாம் மூக்கு இல்லாதவங்களுக்கு" என்பார். திமிர்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஒரு வீட்டிலும் தப்பு நடக்காமல் சம்பாதித்த திமிர்.

வீட்டில் மட்டும் சில மாதங்களாக ஒரு மாற்றம். லேசாகக் கருகினாலே தட்டைத் தள்ளிவிடுகிற மனிதர், ஊசிப்போன பருப்பைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்பது வயசுலயாவது புத்தி வந்துச்சே" என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, டீச்சர் வீட்டில் சிலிண்டரை மாட்டி முகர்ந்தார். "சுத்தமா இருக்கு டீச்சர், பத்த வைங்க."

டீச்சர் தீப்பெட்டியைத் தூரமாக வைத்தாள். "என்னண்ணே விளையாடுறீங்களா? இப்படி நாறுது!"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கிற நுரையை அள்ளி இணைப்பில் பூசினாள். குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உப்பி வந்தன. வால்வை மூடினார், ஜன்னலைத் திறந்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க" என்று அவள்தான் தண்ணீர் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து வெங்காயத்தை நறுக்கி முகர்ந்தார். மண்ணெண்ணெயை முகர்ந்தார். வேர்த்து நனைந்த சட்டையைக் கழற்றி முகர்ந்தார். எதிலும் எதுவும் இல்லை.

ஸ்கேன் படத்தை டாக்டரம்மா விளக்குப் பலகையில் மாட்டினாள். "கட்டி மூளைக்குள்ள இல்லை. மூளையைப் போர்த்தியிருக்கிற சவ்வுல, மூக்குக்கு நேர் மேல வளர்ந்திருக்கு. வாசனை நரம்பை நசுக்கிடுச்சு. ரத்தம் நிறைய ஓடுற, ரொம்ப அபூர்வமான வகை மாதிரி தெரியுது. கண் நரம்பைத் தொடுறதுக்குள்ள எடுத்தாகணும். எத்தனை நாளா வாசனை தெரியல?"

அவள் நோயைப் பற்றிக் கேட்கிறாள். மூக்கண்ணனுக்கு முகர்ந்து பார்த்துவிட்டு வந்த வீடுகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. குழந்தைகள் ஓடுகிற அடுப்படிகள், காது கேட்காத தாத்தா தனியாக வெந்நீர் போடுகிற அடுப்படி. எந்த நாளிலிருந்து? விளக்கு அணைந்ததுபோலவா மூக்கு போனது, நாள் குறித்து வைக்க?

"தெரியலம்மா" என்றார்.

நேராக ஏஜென்சிக்குப் போய் உள்ளதைச் சொன்னார். மேனேஜர் கால் மணி நேரம் கத்திவிட்டு, இவர் மாட்டிய சிலிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வீடுகளைப் பட்டியல் எடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு. ஆட்கள் சோப்புத் தண்ணீரோடு கிளம்பினார்கள். மூக்கண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, ஒவ்வொரு போன் வந்ததும் கையிலிருந்த பட்டியலில் ஒரு வீட்டைப் பேனாவால் அடித்தார். மூன்று வீடுகளில் குமிழ் வந்தது. அந்தச் செய்திகள் வந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. பார்வை போகலாம், உயிரும் போகலாம் என்று டாக்டரம்மா விளக்கியபோது தலையாட்டிக் கேட்டுவிட்டு, "தண்ணி டேங்க் தெரு பாத்தாச்சா?" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"முதல்ல உங்க தலையைப் பத்திக் கவலைப்படுங்க" என்று அவள் அழுதாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை ஒரே ஒரு வீடு பாக்கி. கைக்குழந்தைக்காரி. அவர் சிலிண்டர் மாட்டிய கையோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மாவிடம் போனவள். எட்டு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. போன் எடுக்கவில்லை. நாளைக் காலை எட்டு மணி வண்டிக்கு வருவாள் என்றார்கள் பக்கத்து வீட்டில். கதவைத் திறந்ததும் சுவிட்சைத்தான் போடுவாள்.

"நீ போ" என்றார் மனைவியிடம்.

"உங்களை உள்ள கொண்டுபோற நேரத்துலயா? ஏஜென்சி ஆளு போகட்டும். கதவுல ஒரு காகிதம் ஒட்டட்டும்."

"அவனுங்க பத்து மணிக்குத்தான் வருவானுங்க. பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வர்றவ காகிதத்தையா படிப்பா? நீ போ. உன் மூக்கு வேணும் எனக்கு."

காலையில் அவள் போனாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போக மாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். அவர் தலையை மழித்துப் பச்சைத் துணி போர்த்தினார்கள். தள்ளுவண்டி வந்தது. போனைக் கொடுக்க மாட்டேன் என்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நர்ஸ் பொறுத்துப் பார்த்துக் கையை நீட்டியபோது போன் அடித்தது.

"என்னங்க," அவளுக்கு மூச்சு வாங்கியது. "கதவிடுக்குல மூக்கை வச்சாலே நாத்தம் குடலைப் புரட்டுதுங்க. அவளை உள்ள விடல. சாவியைப் பிடுங்கிட்டேன். வெளியில இருக்கிற கரண்ட் மெயினை அணைச்சாச்சு, அவ பிள்ளையோட தெருவுக்கு எதிர்ப்பக்கம் உக்காந்திருக்கா. தீயணைப்புக்காரங்க வந்துட்டாங்க. கேக்குதா?"

"கேக்குது" என்றார்.

போனை அவரே நர்ஸ் கையில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. எல்லா வீடும் முடிந்துவிட்டது. பட்டியலில் இனி யாரும் இல்லை, அவரைத் தவிர. ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குப் பக்கத்தில் வந்தபோது வண்டியின் கம்பியை இறுகப் பிடித்தார்.

"சிஸ்டர்," என்றார், "எனக்குப் பயமா இருக்கு."