காலுக்கு வேண்டிக்கொண்ட கால்பந்துக்காரன்

அம்மனை நம்பி வாழும் அன்பர்களுக்கு வணக்கம். என் வாழ்க்கையில் ஆத்தா செய்ததை எழுதிக் கொடுக்கும்படி பலமுறை கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன்.

1943ஆம் வருஷம், தை மாதம். புதுக்கோட்டை மைதானத்தில் என் இடது கால் முறிந்தது. முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தவருக்கும் கேட்டதாம். எதிரணி பட்டாளத்துக்காரர்கள், எல்லாரும் பூட்ஸ் போட்டவர்கள். நாங்கள் வழக்கம்போல வெறுங்கால். பந்துக்கு அவர்களில் ஒருவர் கால் நீட்டினார், நானும் நீட்டினேன். பந்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. மற்றவர்களுக்குக் கால் நடப்பதற்கு. எனக்கு அதுதான் உத்தியோகம். ஏட்டில் நான் திருச்சி ரோட்டில் ஓடும் பஸ் கம்பெனியின் செக்கிங் இன்ஸ்பெக்டர். பத்து வருஷத்தில் இரண்டே நாள்தான் டிக்கெட் பரிசோதித்தேன். அதில் ஒரு நாள் கீரனூரில் ஏறியது வேறு கம்பெனி பஸ். முதலாளிக்குக் கோப்பைகள் மேல் ஆசை. அதனால் பந்து விளையாடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு பதவி கொடுத்து வைத்திருந்தார். ஆறு பஸ்ஸுக்கு ஐந்து செக்கிங் இன்ஸ்பெக்டர்கள் இருந்த கம்பெனி உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் சென்டர் ஃபார்வர்டு. மணமேல்குடி வரைக்கும் என்னைத் தெரியும். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம்.

எலும்பு வைத்தியர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். நான்கு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் கால் ஒரு விரல்கடை குட்டையாகக் கூடியிருந்தது. நடந்தால் நொண்டல். ஓட முயன்றால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். முதலாளி வீட்டுக்கே வந்து பார்த்தார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

“அடுத்த தை மாசப் போட்டிக்கு மைதானத்துல எறங்கிருப்பா. எறங்கலேன்னா நான் வேற ஆளு பாக்கணும். இருக்குற ஆட்டக்காரனுக்கே வேலை இல்லாம இன்ஸ்பெக்டர் ஆக்கிவச்சிருக்கேன். ஆட்டக்காரனா இல்லாத இன்ஸ்பெக்டர வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

படித்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. அலமாரி நிறையப் புத்தகங்கள். அதுவரை கோயிலுக்குப் போவதென்றால் என் மனைவி மீனாட்சிக்குத் துணையாகப் போவதுதான். அவள் உள்ளே கும்பிடுவாள். நான் வெளியே செருப்புக்குக் காவல். அன்றைக்கு அலமாரி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பார்த்தேன். காலைப் பற்றி ஒன்றிலும் எதுவும் இல்லை. அழுதேன். முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டேன்: “தாயே, என்னை மறுபடி ஆட்டத்தில் நிறுத்து. பந்தைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.”

நமக்கு வழக்கம் தெரியும். உடம்பில் எந்த உறுப்புக்கு நோவோ, அந்த உறுப்பைத் தகட்டில் வாங்கி அம்மன் உண்டியலில் போடுவோம். கோயில் வரைக்கும் நான் நடக்க முடியாமல் இருந்ததால் ஆடி வெள்ளிக்கு மீனாட்சியை அனுப்பினேன். வெள்ளித் தகட்டில் ஒரு கால் வாங்கிப் போடச் சொன்னேன். மத்தியானம் திரும்பி வந்து திருநீறு பூசிவிட்டாள்.

“போட்டியா?”

“போட்டேங்க. ரெண்டு கை.”

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டது.

“ஏண்டி, காலு ஒடஞ்சவனுக்குக் கையைப் போட்டுட்டு வாரியே! எனக்கென்ன கையா ஒடஞ்சிருக்கு?”

“கடையில காலு தீந்துபோச்சுங்க. ஆடி வெள்ளி, ஊருல இருக்குற அம்புட்டுப் பேருக்கும் முட்டி வலி. கண்ணு இருந்துச்சு, கை இருந்துச்சு. ஒங்களுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு, பொஸ்தகமா படிக்கிறீங்க.”

“அதுக்கு?”

“அதுக்கு என்ன? வெறுங்கையா திரும்புறதுக்குக் கையவாச்சும் போடுவோம்னு போட்டேன். நம்ம வீட்டுச் சங்கதி ஆத்தாளுக்குத் தெரியாதாக்கும்? நீங்க என்ன, அவளுக்கு விலாசம் எழுதிக் குடுக்கப்போறீங்களா?”

இரண்டு நாள் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவளே தடியை எடுத்து என் கையில் கொடுத்தாள். “இங்கன ஒக்காந்து சொவத்த மொறைக்காதீங்க. அங்கிட்டு மைதானத்துல போயி மொறைங்க, காத்தாச்சும் வரும்” என்றாள்.

போனேன். ஆவணி மாதம் முழுக்க எல்லைக் கோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் ஆட, நான் குறை சொன்னேன். அதிலும் நான் கெட்டிக்காரன்.

அப்போது யுத்த காலம், செட்டிநாட்டுப் பக்கம் பட்டாளத்தின் விமானத்தளம் இருந்தது. அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் காய்கறி வாங்க ஒரு லாரி வரும். ஒரு ஞாயிறு அதன் டயர் பஞ்சராகி எங்கள் கம்பெனி ஷெட்டில் நின்றது. லாரியோடு வந்த நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் பொழுது போகாமல் மைதானத்துக்கு வந்தார். பந்தைக் கேட்டு வாங்கினார். கீழே வைக்கவில்லை. கையிலிருந்து விட்டு, விழுவதற்குள் ஓர் உதை உதைத்தார். பந்து வேப்பமரத்துக்கு மேலே போய் நேராக என் தலைக்கு வந்தது. நான் தடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இரு கையாலும் பிடித்தேன். பிடித்தது பயத்தில். அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஓடி வந்து என் முதுகில் தட்டினார்.

பெயர் டாம். ஆஸ்திரேலியா தேசத்தவர். அவர் பேசியது இங்கிலீஷ்தான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் புத்தகத்தில் படித்த இங்கிலீஷுக்கும் அதற்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. அவர்கள் ஊரிலும் ஃபுட்பால் உண்டாம். ஆனால் பந்து முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம். உயரத்தில் பிடிப்பதற்காக எதிராளியின் முதுகில் முழங்காலை வைத்து ஏறவும் செய்யலாம். சண்டைக்கும் ஆட்டத்துக்கும் அங்கே என்ன வித்தியாசம் என்று கேட்டேன். சண்டையைப் பார்க்க இத்தனை பேர் வரமாட்டார்கள் என்றார். அவர் அதில் ஏழு வருஷம் சம்பளம் வாங்கி ஆடியவர். ஏட்டில் என்ன வேலை என்று விசாரித்தேன்.

“மதுத் தொழிற்சாலையில் வாசல் காவல். வாசல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது” என்றார்.

எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கடல் தாண்டி எனக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறார்.

என் காலைத் தொட்டுப் பார்த்தார். “உன்னால் ஓட முடியாது. ஆனால் தாவுவதற்கு ஒரு கால் போதும். உன் வலது கால் நன்றாக இருக்கிறது. கோலில் நில்” என்றார்.

அதன்பின் ஏழு ஞாயிறு. மூன்று எட்டு வைத்து வலது காலை ஊன்றித் தாவ வேண்டும். குட்டைக் காலின் முழங்காலை முன்னால் மடக்கித் தூக்க வேண்டும், இடிக்க வருகிறவன் அதில் இடித்துக்கொள்வான். கையை நீட்ட வேண்டும். ஆளைப் பார்க்கக் கூடாது, பந்தை மட்டும் பார்க்க வேண்டும். எங்கள் ஃபுல்பேக் ராவுத்தர் அண்ணனைத்தான் முதுகு கொடுக்கச் சொன்னார் டாம். இரண்டாம் ஞாயிறே அண்ணன், “தம்பி, நீ கோப்பை வாங்குறதுக்குள்ள நான் கட்டுப்போடப் போயிருவேன்” என்றார். ஆனாலும் ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை.

மூன்றாம் ஞாயிறுதான் எனக்கு உறைத்தது. தாவிப் பந்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இறங்கி என் இரண்டு கைகளையும் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. காலைக் கேட்டவனுக்கு வேலை கையில் வந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் மீனாட்சியிடம் சொன்னேன். “இதச் சொல்ல ஒங்களுக்கு இம்புட்டு நாளா?” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவளோடு நானும் உள்ளே போனேன். செருப்புக்குக் காவல் வேறு யாரோ இருந்தார்கள்.

ஐப்பசியில் டாமின் படை பர்மாப் பக்கம் போனது. எங்கள் கோல்கீப்பர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். தை மாதம் போட்டி வந்தது. முதலாளி என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார். “கம்பத்துல சாஞ்சுக்கிட்டு நிக்கவா எறங்குறே?” என்றார். “ஒரு ஆட்டம் பாருங்க முதலாளி. அப்புறம் அனுப்பிச்சிருங்க” என்றேன்.

இறுதி ஆட்டம், திருச்சி அணியோடு. நாங்கள் ஒரு கோல் முன்னால். என் நொண்டலைப் பார்த்துவிட்டு எல்லாப் பந்தையும் உயரமாகவே அனுப்பினார்கள். ஓட வைத்திருந்தால் நான் தொலைந்தேன். அந்தப் புத்தி அவர்களுக்கு வரவில்லை. அதையும் ஆத்தாள் கணக்கில்தான் வைக்கிறேன். முடியும் நேரத்தில் ஒரு கார்னர். கோலுக்கு முன்னால் பூட்ஸ் போட்ட ஆறு பேர். கூட்டம் “நொண்டி! நொண்டி!” என்று கத்தியது. பந்து வளைந்து வந்தது. தாயே என்றேன். மூன்று எட்டு. என் முழங்கால் யார் தோளிலோ பட்டது. எல்லாத் தலையும் எனக்குக் கீழே இருந்தது. பந்து மட்டும் என் கையில். கீழே இறங்க ரொம்ப நேரம் ஆனதுபோல் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த உயரம் என்னுடையது அல்ல.

விசில் ஊதியதும் முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “யாருப்பா ஒனக்கு இத சொல்லிக்குடுத்தது?” என்றார். அம்மனைச் சொல்வதா, டாமைச் சொல்வதா, மீனாட்சியைச் சொல்வதா என்று தெரியாமல் மூன்று பேரையும் சொன்னேன்.

மேலும் ஐந்து வருஷம் கோலில் நின்றேன். நான்கு கோப்பைகள். முப்பத்தொன்பதாம் வயதில், கூட்டம் போதும் என்று சொல்வதற்கு முன் நானே போதும் என்றேன். இப்போது கீரனூரில் நிஜமாகவே டிக்கெட் பரிசோதிக்கிறேன், எங்கள் பஸ்ஸிலேயே.

அன்பர்களே, என் கால் இன்றைக்கும் குட்டைதான். சாட்சி சொல்ல வந்தவன் பொய் சொல்லக் கூடாது. நான் கேட்டது மறுபடி ஆட வேண்டும் என்பது. எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தது என் அதிகப்பிரசங்கித்தனம். உங்களுக்கும் ஏதோ ஒன்று முறிந்திருக்கும். கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், மைதானத்துக்குப் போங்கள். அவள் அனுப்புகிற ஆள் எந்த ஊர்க்காரராக வருவார், என்ன பாஷை பேசுவார் என்று நமக்குத் தெரியாது. அவர் வரும்போது நாம் அங்கே இருக்க வேண்டும்.