சொந்த வேண்டுகோளின்படி

நெவீன் எகிப்தின் தந்தா நகரில் எங்கள் வங்கிக் கிளையில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். வணிகவியல் பட்டம் வாங்கிய கையோடு வந்தவளை நேராகப் பணக் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். கள்ள நோட்டை விரல் பட்டதுமே கண்டுபிடித்துவிடுவாள். ஒருமுறை பருத்தி வியாபாரி ஒருவர் கண்ணாடியைத் தட்டிச் சத்தம் போட்டார்.

"ஏம்மா, என்னைத் திருடன்னு சொல்றியா?"

"நோட்டைத்தான் சொன்னேன் ஹாஜி. நீங்க நல்லவர்தான். உங்க தலையில இதைக் கட்டுனவன்தான் சரியில்ல."

அந்த மனிதர் சிரித்துவிட்டார். மறுநாள் அரைக்கிலோ அல்வாவோடு வந்தார்.

நான் எஹ்ஸான், அதே கிளையில் பணியாளர் பிரிவு எழுத்தர். விடுப்பு, மாறுதல், தண்டனை எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாரும் என்னிடம் அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. நெவீன் மட்டும் தினமும் வந்து என் டீயில் பாதியைக் குடித்துவிட்டுப் போவாள். கேட்டால், "உங்க நல்லதுக்குத்தான் மேடம், சர்க்கரை ஏறிடப் போகுது" என்பாள்.

எங்கள் பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள். இரண்டும் இரண்டு பேரிடம் இருக்கும். காலையில் இருவரும் சேர்ந்து திறந்து, மாலையில் இருவரும் சேர்ந்து பூட்ட வேண்டும். சாவி கையில் இருப்பவருக்குத்தான் மேலே போகும் வழி. மூன்று ஆண்டுகள் இடைவெளி இல்லாமல் சாவி வைத்திருந்தால் துணை மேலாளர் பதவிக்கு மனுப் போடலாம். நாற்பது வயதுக்கு மேல் போட முடியாது. நெவீனுக்கு முப்பத்து மூன்றில் சாவி கிடைத்தது. அதுவரை எங்கள் கிளையில் ஒரு பெண்ணும் துணை மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, சாவி வந்த மூன்றாம் ஆண்டில், அவளுக்குப் பிள்ளை பிறந்தது. சலீம் என்று பெயர் வைத்தார்கள். மூன்று மாத விடுப்பு முடிந்து அவள் திரும்பிய அன்று கிளையில் ஒரே கொண்டாட்டம். அவளுடைய மாமியார் பெரிய குடுவையில் நெய் மிதக்கும் மொகாத் பானம் கொடுத்தனுப்பியிருந்தார். பிள்ளை பெற்றவளுக்கான பானத்தை ஆண்களும் ஆளுக்கு இரண்டு கோப்பை குடித்தார்கள்.

பாலூட்டும் தாய் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போகலாம் என்பது சட்டம். அவள் நான்கு மணிக்குப் போய்விட்டால் ஐந்து மணிக்குப் பெட்டகத்தை யார் பூட்டுவது? மேலாளர் மம்தூஹ் நல்ல மனிதர். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

"பாரும்மா, நீ என் மக மாதிரி. கொஞ்ச நாளைக்குச் சாவிய வேற ஆளுக்குக் குடுப்போம். நீ நிம்மதியா பிள்ளையப் பாரு."

"கொஞ்ச நாளுன்னா எவ்வளவு சார்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். எஹ்ஸான் மேடம், ஒரு காகிதம் அடிங்க."

அடித்தேன். "பணியாளரின் சொந்த வேண்டுகோளின்படி" என்று தொடங்கினேன். எங்கள் அலுவலகத்தில் எந்த மாற்றக் காகிதமும் அப்படித்தான் தொடங்கும். அந்த வரி இருந்தால் தலைமையகம் காரணம் கேட்காது, ஒரே நாளில் வேலை முடியும். எனக்கு அந்த நாற்காலியில் முன்பு இருந்தவர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன வழி. நெவீன் ஒரு கையில் கோப்பையோடு, படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

சாவி போனாலும் வேலை குறையவில்லை. நான்கு மணிக்குப் போக வேண்டியவளைப் பல நாள் நாலரை வரை விடமாட்டார்கள். பாலில் சட்டை நனைந்துவிடும். பழைய கோப்புகள் கிடந்த அறைக்குள் போய்ப் பீய்ச்சிக்கொள்வாள். அந்த அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான் வெளியே நாற்காலி போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வேன்.

"உள்ள யாரு மேடம்?" என்று கேட்பவர்களுக்கு, "உங்க ஆத்தா. போய் வேலையப் பாருங்கய்யா" என்பேன்.

ஒன்றரை ஆண்டு கழித்துச் சாவி திரும்பி வந்தது. மேலும் இரண்டு ஆண்டுகள் போயின. அவளுக்கு முப்பத்தொன்பது வயதானபோது துணை மேலாளர் இடம் காலியானது. மனுப் போட்டாள். பத்தே நாளில் பதில் வந்தது. சாவியை வங்கி எடுத்திருந்தால் நடுவில் விழுந்த காலம் இடைவெளி ஆகாது, தானே கேட்டுக் கொடுத்திருந்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. அவள் கேட்டுத்தான் கொடுத்தாள் என்று காகிதம் சொல்கிறது. இன்னும் ஓராண்டு வேண்டும். அதற்குள் அவளுக்கு நாற்பது தாண்டிவிடும்.

அவள் அழவில்லை. என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"மேடம், நான் எப்ப கேட்டேன்?"

"எல்லாத்துக்கும் அப்படித்தான்டி அடிப்போம்."

"அத அவங்ககிட்ட எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தால் நான் பொய்யாகக் காகிதம் அடித்தேன் என்று ஆகும். சம்பளம் பிடிப்பார்கள், என் கோப்பில் சிவப்பு மை ஏறும். ஓய்வூதியத்துக்கு எனக்கு நான்கே ஆண்டுகள் பாக்கி. "பாக்கலாம்" என்றேன். மறுநாள் என் டீ முழுசாக அப்படியே ஆறிக் கிடந்தது.

மேல்முறையீட்டுக்கு வியாழக்கிழமை கடைசி நாள். செவ்வாய்க்கிழமை அந்தப் பழைய கோப்புகளை இறக்கினேன். என் வழக்கம் அதுதான் என்று காட்ட இன்னும் இரண்டு காகிதம் கிடைத்தால் தண்டனை குறையுமோ என்ற கணக்கு. இரண்டு இல்லை, பதினொன்று கிடைத்தது. பதினொன்றும் பெண்களுடையவை, பதினொன்றும் பிரசவம் முடிந்து வந்த வாரத்துத் தேதி. ஆண்களின் மாற்றக் காகிதங்களிலும் அதே வரி இருந்தது, ஆனால் அவர்கள் எல்லாரும் அந்த மாற்றத்தோடு மேல் பதவிக்குப் போயிருந்தார்கள்.

பன்னிரண்டாவது காகிதம் நான் அடித்தது இல்லை. எஹ்ஸான், கடன் பிரிவிலிருந்து பணியாளர் பிரிவுக்கு, சொந்த வேண்டுகோளின்படி. கீழே என் கையெழுத்து. என் மூத்தவளுக்கு அப்போது நான்கு மாதம். இருபத்தாறு வருடமாக, கடன் பிரிவை நானே வேண்டாமென்று விட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்பியும் இருந்தேன். நான் கேட்கவே இல்லை.

பன்னிரண்டையும் நகல் எடுத்து, என் வாக்குமூலத்தையும் வைத்து, வியாழக்கிழமை நெவீனோடு கெய்ரோ தலைமையகத்துக்குப் போனேன். மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கடைசிக் காகிதத்தை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது உங்களோடதா மேடம்?"

"ஆமா சார்."

"நீங்களும் கேக்கலையா?"

"கேக்கல."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"முந்தாநாள்தான் சார் படிச்சேன்."

எனக்கு ஐந்து நாள் சம்பளம் பிடித்தார்கள். நெவீனின் ஒன்றரை ஆண்டை இடைவெளி இல்லை என்று எழுதினார்கள். அடுத்த மாதம் அவள் துணை மேலாளர் ஆனாள். மம்தூஹ் சார் எல்லோருக்கும் இனிப்பு வாங்கினார். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "உங்களாலதான் மேடம்" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவளுக்காக இல்லை. நான் கடன் பிரிவில் கெட்டிக்காரியாக இருந்தவள்.