யார் முதலில் நிறுத்துவது

பிள்ளைகளே, அப்பா ஏன் இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு ட்ரம்பெட் வாசிக்கப் போவதில்லை என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். "உங்கப்பாவுக்கு மூச்சு கம்மியாயிடுச்சு" என்று அம்மா சொல்லியிருப்பாள். அது காரணமில்லை. நடந்ததை எழுதியே வைக்கிறேன். எனக்குப் பத்தாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஆறு நாள் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த நான், முகூர்த்த நாட்களில் மாதனூர் பேண்டு செட்டில் முதல் ட்ரம்பெட். பாட்டை நான்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். மற்றவர்கள் பின்னால் வருவார்கள். எங்களுக்கும் பேரணாம்பட்டு செட்டுக்கும் ஆகாது. வேறொன்றும் இல்லை, தொழில் போட்டிதான். இரண்டு மாப்பிள்ளை ஊர்வலம் ஒரே முச்சந்தியில் எதிரெதிரே வந்துவிட்டால், எந்த செட் முதலில் வாசிப்பை நிறுத்துகிறதோ அது தோற்றது. அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவி, அடுத்த கல்யாணத்துக்கு ஜெயித்தவர்களைக் கூப்பிடுவார்கள். அதனால் உதடு வீங்கினாலும் நிறுத்த மாட்டோம்.

அந்தப் பேரணாம்பட்டு செட்டின் ட்ரம்பெட்காரருக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போய், வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவருடைய ஆபரேஷனுக்கு உதவ ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபக்காரர் முன்வந்தார். ஞாயிறு சாயந்திரம் இரண்டு செட்டும் ஒரே மேடையில் வாசிக்கவேண்டும். தோல் பதனிடுகிற ஷாப்பு முதலாளிகளும் ஷூ கம்பெனிக்காரர்களும் கேட்டுவிட்டு, கடைசியில் மேடையேறி உதவியை அறிவிப்பார்கள். மண்டபக்காரருக்கு ஸ்விங் என்கிற பழைய வெளிநாட்டு இசையில் பைத்தியம். கடைசிப் பாட்டு அந்த மாதிரி இருக்கவேண்டும், இரண்டு செட்டும் சேர்ந்தே வாசிக்கவேண்டும் என்று போனில் ஒரு பாட்டை அனுப்பினார். தாள அடியை நேராக வைக்காமல் கொஞ்சம் ஆடவிட்டு வைக்கவேண்டும். இரண்டு வாரம் தனித்தனியாகப் பழகினோம். சேர்ந்து ஒரு நாள்கூடப் பழகவில்லை. யார் யார் இடத்துக்குப் போவது என்பதிலேயே இரண்டு மாஸ்டரும் நின்றுவிட்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பொழுது சாய்ந்ததும் பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் முடிக்கவேண்டும். பாங்கு கேட்டால் வாத்தியத்தைக் கீழே வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த முதலாளிகளில் பாதிப்பேர் தொழுகைக்குப் போய்விடுவார்கள். அன்று ஊரில் நாலைந்து கல்யாண விருந்து வேறு. போனால் திரும்பி வரமாட்டார்கள்.

மேடையில் நாற்காலி போட்டவர்கள் எங்கள் தொழில் தெரியாதவர்கள். இடது பக்கம் எங்களையும் வலது பக்கம் அவர்களையும் முகத்துக்கு முகம் உட்காரவைத்துவிட்டார்கள். முச்சந்தியேதான். உட்கார்ந்ததும் எங்கள் மாஸ்டர் காதருகே குனிந்தார்.

"டேய், இன்னா ஆனாலும் நம்ம மொதல்ல நிறுத்தக் கூடாது."

"மாஸ்டர், இது ஊர்வலம் இல்ல. அந்தாளு ஆபரேஷனுக்கு."

"தெரியும்டா. அவன் நல்லா இருக்கட்டும். அவன் செட்டு அடங்கட்டும்."

தனித்தனிப் பாட்டுகள் நன்றாகவே போயின. பிறகு கடைசிப் பாட்டு. பாட்டை முடிக்க மாஸ்டர் கையைத் தூக்குவார், பெரிய டிரம்காரர் இரண்டு அடி போடுவார், எல்லோரும் நிற்போம். இரண்டு மாஸ்டர் இருந்தால் யார் கை? அதை யாரும் பேசி வைக்கவில்லை.

முடியும் இடம் வந்தது. எங்கள் மாஸ்டர் கையைத் தூக்காமல் எதிரே பார்த்தார். எதிர் மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடியது. சனங்களுக்குக் கொண்டாட்டம், விசில் பறந்தது. மூன்றாவது சுற்றில் ஆட்டம் போய் வெறும் ஓட்டமாகிவிட்டது. மண்டபக்காரர் மேடை ஓரத்திலிருந்து கையை ஆட்டியதை இரண்டு மாஸ்டரும் பார்க்காதது போல இருந்தார்கள்.

"பேரணாம்பட்டு, உடாதே" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"மாதனூர்க்காரனுக்குக் காத்து போயிடுச்சு பாரு."

முன் வரிசையில் நோயாளியின் மனைவி, மடியில் ஆஸ்பத்திரி ஃபைலோடு. அவருக்குப் பக்கத்தில் இருந்த தோல் ஷாப்பு பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அந்த அம்மா அவர்களையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன்: அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு சுற்று முழுக்க ஊதினேன். எனக்கும் தோற்க மனசு வரவில்லை.

பாய் கதவருகே செருப்பைத் தேட ஆரம்பித்தார். நான் ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன்.

எங்கள் பக்கம் பாட்டு சரிந்தது. கிளாரினெட் இரண்டு வரி தடுமாறி நின்றது. அவர்கள் கடைசி வரியை உரக்க ஊதினார்கள், அவர்கள் மாஸ்டர் கையைத் தூக்கினார், டிரம் இரண்டு அடி. மண்டபமே கத்தியது. "மாதனூர் அவுட்டு" என்று யாரோ கூவினார்கள். மண்டபக்காரர் ஓடிவந்து மைக்கைப் பிடித்து, பாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பாய் வெறுங்காலோடு திரும்பி வந்தார்.

"நேரம் இல்ல. ஆபரேஷனுக்கு இன்னும் எவ்ளோ வேணுமோ, அத நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மா கும்பிடப் போய் ஃபைல் நழுவி, காகிதங்கள் தரையில் விழுந்தன. அவர் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே பாங்கு கேட்டது.

மேடைக்குப் பின்னால் எதிர் செட் டிரம்காரர் என் தோளைத் தட்டினார். "இன்னா தோஸ்த், காத்து தீந்துடுச்சா?"

"ஆமாண்ணே" என்றேன்.

எங்கள் மாஸ்டர் வந்தார். "யாரக் கேட்டு எறக்கின?"

"எல்லாம் எழுந்து போய்ட்டிருந்தாங்க மாஸ்டர்."

"போனா நாளைக்கு நானே வீடு வீடா போய் கேட்டிருப்பேன்டா. எத்தினி வருசம் கட்டிக் காத்த பேரு." அவர் கண் கலங்கியிருந்தது. "செட்டு யூனிஃபார்ம் கோட்டத் தொவச்சுக் கொண்டாந்து குடுத்துடு. இனிமே வராத."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த செட்டை நம்பிப் பன்னிரண்டு குடும்பம் இருந்தது. அந்த வருஷம் அவர்களுக்குக் கல்யாண அழைப்பு கம்மிதான். வேலூரில் ஆபரேஷன் நடந்து, அந்த ட்ரம்பெட்காரர் பிழைத்தார். இனி ஊதக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகக் கேள்வி. எனக்கும் அவருக்கும் இன்றுவரை நேரில் பேச்சில்லை.

அடுத்த ஞாயிறு, நீங்கள் அம்மாவோடு கடைக்குப் போயிருந்தபோது, கோட்டைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டேன். நடுவில் ஒரு பித்தளைப் பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஷூவின் மேல்தோல் தைக்கிற நைலான் நூல் கொஞ்சம் வீட்டில் இருந்தது. அடுத்துப் போடப்போகிறவன் என்னைவிடப் பருமனாக இருக்கலாம், மூச்சு இழுக்கும்போது தெறிக்கக் கூடாது. எட்டுத் தையல் போட்டு, முடிச்சு வைத்து, மீதி நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.