நான் வெட்டிய மூன்று சொற்கள்

"அப்போ இது என் நாடு இல்லியா ஆன்ட்டி?" என்று ஏழு வயதுக் குழந்தை கேட்டால் என்ன சொல்வது? போன வருடம் சுதந்திர தினத்தன்று, ஒரகடத்தில் என் மகள் படிக்கும் பள்ளியின் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு குழந்தை என்னிடம் இப்படிக் கேட்டது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். கணவருக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை என்பதால் கல்யாணமானதும் இங்கே வந்துவிட்டோம். மூன்று போர்ஷன் உள்ள வரிசை வீட்டில் நடுப் போர்ஷன் எங்களுடையது. கடைசிப் போர்ஷனில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருப்பவர், மனைவி, ஒரே பெண். அந்தப் பாப்பாவும் என் மகளும் அப்போது இரண்டாம் வகுப்பு, ஒரே செக்ஷன். வீட்டுக்கார அம்மா அந்த வீட்டை "இந்திக்கார வூடு" என்றுதான் சொல்வார். நானும் அஸ்ஸாம் பக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் சுவருக்குச் சுவர் இருந்தும் கேட்கத் தோன்றவில்லை.

விழாவுக்கு நம் நாட்டின் பெயர்களை வைத்து மிஸ் ஒரு நிகழ்ச்சி யோசித்திருந்தார். நான்கு குழந்தைகள் ஆளுக்கொரு அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இந்தியா, பாரதம், இந்துஸ்தான், நாவலந்தீவு. பெயரைச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் "இது என் தாய்நாடு" என்று முடிக்க வேண்டும். என் மகளுக்கு நாவலந்தீவு வந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குப் பாரதம். அவள் அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால், இரண்டு பேருக்கும் நீங்களே சொல்லிக் கொடுங்கள் என்று மிஸ் என்னிடம் ஒப்படைத்தார்.

எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது முடியும்வரை சோறு இறங்காது. தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் இரண்டு பேரையும் நிறுத்திவிடுவேன். துணி எடுக்க வரும் வீட்டுக்கார அம்மா, "இன்னாமா, மாடியில ஸ்கூல் தொறந்துட்டியா? எனுக்கும் ஒரு அட்ட குடு" என்று கிண்டல் செய்வார்.

என் மகள் மூன்றாம் நாளே நாவலந்தீவைப் பிடித்துவிட்டாள். பாப்பாவுக்குத்தான் வரவில்லை. "பாரதம்" என்று மணி அடித்த மாதிரி சொல்வாள். அடுத்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். பிஸ்கட் கொடுத்துப் பார்த்தேன். ஒருநாள் பொறுமை போய், "நாட்டு பேருக்கு அப்புறம் மூணு வார்த்த, அதுகூட நிக்காதா உனக்கு?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் நின்றால் வரிசையில் கடைசியாக நிற்கும் என் மகளும் தடுமாறுவாளே என்பதுதான் என் கவலை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அன்று அவள் அம்மா மேலே வந்தாள். கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்துப் பழகிய தமிழ் அவளுடையது.

"அக்கா, நாங்க நேபாள். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளோ சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர்கள் மலையில் பெரியவர்கள் இந்த நாட்டை இந்தியா என்று சொல்ல மாட்டார்களாம். முக்லான் என்பார்களாம். வேலை தேடி ஆண்கள் இறங்கிப் போகிற நாடு. டெல்லியில் இருந்தாலும் சரி, ஒரகடத்தில் இருந்தாலும் சரி, "முக்லானில் இருக்கான்" என்றுதான் மாமனார் ஊரில் சொல்வாராம்.

என் மாமியார் நினைவுக்கு வந்தார். இங்கேயிருந்து சென்னைக்குப் போய்வர அரைநாள் ஆகும் என்று எத்தனை தடவை சொன்னாலும், போனை எடுத்தால் "மெட்ராஸ்ல மழையா?" என்றுதான் கேட்பார். மகன் பிழைக்கப் போன இடம் எல்லாம் அவருக்கு மெட்ராஸ்.

கீழே இறங்கும்போது அவள் குரலைத் தாழ்த்தி, "மிஸ்கிட்ட சொல்லாதீங்க அக்கா. ஸ்கூல்ல ஏதாச்சும் பேப்பர் கேப்பாங்களோன்னு பயம்" என்றாள்.

அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. நேபாளக் குழந்தையை இன்னொரு நாட்டைத் தாய்நாடு என்று சொல்ல வைக்கிறோமே, அதனால்தான் அது வாயடைத்து நிற்கிறது என்று முடிவுகட்டினேன். அவள் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் மனம் என்ன பாடுபடும்? மிஸ்ஸுக்கு மெசேஜ் அடிப்பேன், அழிப்பேன். கடைசியில் போன் செய்து, "அவளுக்கு அந்த வரி நிக்க மாட்டேங்குது மிஸ், பேர் மட்டும் சொல்லட்டுமே" என்றேன். குழந்தைக்கு ஞாபகசக்தி இல்லை என்று ஒரு பொய். மிஸ்ஸும் சரி என்றுவிட்டார். பாப்பாவிடம், "நீ பாரதம்னு மட்டும் சொல்லிட்டு வணக்கம் வச்சிரு, போதும்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

ஷிப்டுக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். "ஏட்டி, அந்தப் புள்ளட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். சின்னக் குழந்தையிடம் இதைப் போய் என்ன கேட்பது என்று நினைத்தேன்.

விழா அன்று பாப்பாவின் அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு யூனிபாரத்துடனே வந்திருந்தார். ஊருக்கு அனுப்ப போனில் படம் பிடித்தார். முதல் குழந்தை, "இந்தியா, இது என் தாய்நாடு" என்றது. கைதட்டல். அடுத்து பாப்பா அட்டையைத் தூக்கி, "பாரதம்" என்றாள். வணக்கம் வைத்தாள். ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அதற்குள் அடுத்த குழந்தை "இந்துஸ்தான்" என்று ஆரம்பித்துவிட்டது. என் மகள் நாவலந்தீவைத் திருத்தமாகச் சொன்னாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பாப்பாவின் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை இன்னும் தன் மகள் பக்கமே பிடித்தபடி, மீதி வரும் என்று காத்திருந்தார்.

முடிந்ததும் பாப்பாவைக் காணோம். பின்பக்கப் படிக்கட்டில் அட்டையை மடியில் வைத்துச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் குடுத்தீங்க. எனுக்கு மட்டும் ஏன் வெட்டிட்டீங்க?"

"நீதானேம்மா அந்த இடத்துல வந்து நின்னுகிட்டே இருந்த?"

"தாத்தா போன்ல கேட்டா நேபாள்னு சொல்லணும். இங்க பாரதம்னு சொல்லணும். ரெண்டும் சொல்லலாமான்னு உங்கள கேக்கலாம்னு நின்னுகினு இருந்தேன். நீங்க திட்டிகினே இருந்தீங்க."

பிறகுதான் அந்தக் கேள்வி. அப்போ இது என் நாடு இல்லியா ஆன்ட்டி?

அதற்குள் அவள் அப்பா தேடிக்கொண்டு வந்துவிட்டார். "பேர் நல்லா சொன்னா மேடம். மீதி என்ன ஆச்சு?" என்றார். மறந்துவிட்டாள் என்று சொல்ல வாய் வந்தது. பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் சொல்ல வேண்டாம்னுட்டேன். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எனக்கு நேபாள் மேடம். அதுல டவுட் இல்ல. இவ இங்க பொறந்தா, இவளுக்கு எதுன்னு எனக்குத் தெரியல. அவ வாயால வரட்டும்னுதான் லீவ் போடாம ஷிப்ட் மாத்திட்டு வந்தேன்" என்றார். மகளைத் தூக்கிக்கொண்டு மிட்டாய் கொடுக்கும் வரிசைக்குப் போனார்.

என் மகளும் இங்கேதான் பிறந்தாள். "இன்னாம்மா" என்றுதான் என்னையே கேட்கிறாள். அவளிடம் நான் நம்ம ஊர், நம்ம ஊர் என்று சொல்வதெல்லாம் அவள் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் இடத்தை. அதையும் நான் அவளைக் கேட்டுச் சொன்னதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில், ஒரு குழந்தையின் வாயிலிருந்து அவளுடைய சொல்லையே பிடுங்கிவிட்டேன். அடுத்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வருகிறது.

இந்த வருடமும் ஆகஸ்ட் வருகிறது. அதே நிகழ்ச்சிதான் என்று மிஸ் சொல்லிவிட்டார். நேற்று பாப்பா ஒரு வெள்ளை அட்டையோடு வந்து, "இந்த வாட்டி ஃபுல்லா குடுங்க ஆன்ட்டி" என்று நீட்டினாள். அட்டை இன்னும் வெறுமையாக டிவி மேல் இருக்கிறது. பள்ளியிலும் கேள்வி வராமல், மலையில் இருக்கும் தாத்தாவுக்கும் வருத்தம் வராமல் நான் ஒரு வரி யோசித்து எழுதிக் கொடுக்கட்டுமா, இல்லை பேனாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, என்ன வந்தாலும் வரட்டும் என்று இருக்கட்டுமா? பிழைக்க வந்த இடத்தில் பிள்ளை வளர்க்கும் வாசகர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.